மலைத் தோட்டத்திலிருந்து கப்பல் வரை: தென்னாப்பிரிக்க அவகாடோவை ஏற்றுமதித் தரத்தில் வாங்க ஒரு முழுமையான வழிகாட்டி

டர்பனில் காய்கறி, பழ வியாபாரம் தமிழர்களுக்குப் பழகிய தொழில். 1860-இல் ட்ரூரோ கப்பலில் வந்தவர்களும் அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும் கரும்புத் தோட்ட ஒப்பந்தம் முடிந்ததும் துண்டு நிலம் பிடித்துக் காய்கறி போட்டார்கள், கூடையில் சுமந்து விற்றார்கள். வார்விக் பகுதியின் அதிகாலைச் சந்தையில் இன்றைக்கும் அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் கடை வைத்திருக்கிறார்கள். 2024-இல் தென்னாப்பிரிக்க அவகாடோவுக்கு இந்தியச் சந்தை திறந்ததிலிருந்து, சென்னை, கோவை வியாபாரிகள் இங்குள்ளவர்களுக்குப் போன் போட்டுக் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, ஒரு கன்டெய்னர் ஹாஸ் என்ன விலைக்குக் கிடைக்கும்?" ஹாஸ் என்பது அவகாடோவின் ஒரு ரகம்.

விலையைக் கடைசியில் கேட்டால் போதும். எந்த மலை, தோட்டத்தின் எந்தப் பகுதி, என்றைக்குப் பறித்தது, பறித்த எத்தனை மணி நேரத்தில் குளிர் அறைக்குப் போனது: இந்த நான்குக்கும் பதில் சொல்ல முடியாதவர் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அவகாடோ மரத்தில் பழுக்காது. கல் மாதிரி இருக்கும்போதே பறித்து, பெட்டியில் அடுக்கி, கடல் தாண்டி அனுப்புகிறோம். உள்ளே என்ன இருக்கிறது என்பது மூன்று, நான்கு வாரம் கழித்துத்தான் தெரியும். அதற்குள் பணம் கை மாறிவிடும். ஆகவே, தரத்தைத் தோட்டத்திலேயே பார்த்துவிட வேண்டும்.

எந்த மலை, எந்த மாதம்

தென்னாப்பிரிக்காவின் பழைய அவகாடோ நாடு வடக்கில் இருக்கிறது. லிம்போபோ மாகாணத்தில் ட்ஸனீன், அதற்கு மேலே மகூபாஸ்க்லூஃப் மலைச்சரிவு, இன்னும் வடக்கே சவுட்பான்ஸ்பெர்க் மலையடியில் லெவூபு. அடுத்தது ம்புமலங்காவின் வைட் ரிவர், ஹேசிவியூ, கீபர்சோல் பக்கம். மூன்றாவது, நமக்கு மிக அருகில் உள்ள குவாசூலு-நட்டாலின் மிட்லண்ட்ஸ்: பீட்டர்மாரிட்ஸ்பர்க்கைத் தாண்டி ஹோவிக், கார்க்லூஃப், ரிச்மண்ட், வார்ட்பர்க். ஹோவிக் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,050 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

உயரம் கூடக் கூட, குளிர் கூடக் கூட, காய் முற்றுவது தள்ளிப் போகும். லெவூபுவில் மார்ச், ஏப்ரலிலேயே ஹாஸ் பறிக்கத் தொடங்கிவிடுவார்கள். மிட்லண்ட்ஸில் அதே ஹாஸ் ஜூலைக்கு மேல்தான் தயாராகும். அக்டோபர், நவம்பர் வரைகூட மரத்தில் நிற்கும். வாங்குபவருக்கு இதில் பெரிய லாபம் உண்டு. மே முதல் ஆகஸ்ட் வரை பெருவின் சரக்கு உலகச் சந்தையை நிரப்பிவிடும். அந்த வெள்ளம் வடிந்த பிறகு வருகிற மிட்லண்ட்ஸ் காய்க்கு நல்ல மதிப்பு. அப்புறம், வெப்பமான தாழ்நிலத்தில் ஹாஸ் சிறுத்துப் போகும் தொல்லை உண்டு. குளிர்ந்த மேட்டில் காய் பருமனாக வரும்.

தாமதமான காய்க்கு ஒரு விலையும் கொடுக்க வேண்டியிருக்கும். மரத்தில் நெடுநாள் நின்ற காயில் எண்ணெய் ஏறியிருக்கும், சுவை அபாரமாக இருக்கும். ஆனால் வேகமாகப் பழுக்கும், நீண்ட கடல் பயணத்தைத் தாங்காது. அக்டோபர் கடைசியில் பறித்ததை மெதுவான கப்பலில் ஏற்றச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

ரகம்

இந்தியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் ஹாஸ்தான் ஓடும். பழுக்கும்போது தோல் கருப்பதால் சிறு கீறல்கள் மறைந்துவிடும், கடைக்காரருக்கும் பழுத்தது தெரியும். ஃபுயர்ட்டே, பிங்கர்டன், ரயன் எல்லாம் பச்சைத் தோல் ரகங்கள். தோலில் ஒரு புள்ளி விழுந்தாலும் கண்ணில் படும். லெவூபுவில் கண்டெடுக்கப்பட்ட மலூமா ஹாஸைப் போன்ற கருந்தோல் ரகம், காயும் பெரிது. லேம்ப் ஹாஸ் பருவத்தின் வால் பகுதிக்கு. கொடைக்கானல், ஏற்காட்டு பட்டர் ஃப்ரூட்டைப் பார்த்துப் பழகிய வாடிக்கையாளருக்கு ஹாஸ் சிறியதாகத் தெரியும். அதைக் கடைக்காரர் முன்கூட்டியே சொல்லி விற்பது நல்லது.

தோட்டத்துக்குள் நடங்கள்

அலுவலகத்தில் காபி குடித்துவிட்டுத் திரும்பாதீர்கள். தோட்டக்காரரோடு சரிவில் மேலும் கீழும் நடங்கள். நல்ல தோட்டக்காரருக்கு அது பிடிக்கவும் செய்யும்.

முதலில் மரத்தின் உச்சியைப் பாருங்கள். இலை சிறுத்து வெளிறி, உச்சிக் கிளைகள் காய்ந்து, வானம் மரத்தினூடே தெரிந்தால் வேர் அழுகல் என்று வைத்துக்கொள்ளலாம். ஃபைட்டோஃப்தோரா சின்னமோமி என்ற பூஞ்சை போன்ற கிருமிதான் உலகம் முழுக்க அவகாடோவின் முதல் எதிரி. அந்த மரத்துக் காய் வெயிலில் வெந்து, சிறுத்து, சீக்கிரம் கெடும். கீழே குனிந்து மரத்தடி மூடாக்கைக் கையால் விலக்குங்கள். இலைச் சருகுக்குக் கீழே வெள்ளையாக, நூல் நூலாக வேர்கள் மண்ணின் மேற்பரப்பிலேயே பரவியிருந்தால் மரம் நலம். கருத்து, தொட்டால் நொறுங்குகிற வேர் என்றால் அந்தப் பகுதியை ஒதுக்குங்கள். அடிமரத்தில் ஊசி போட்ட துளைகள் இருந்தால் பயப்பட வேண்டாம். வேர் அழுகலுக்கு மருந்தான பாஸ்பொனேட்டை மரத்துக்குள் செலுத்தும் வைத்தியம் இந்த நாட்டில்தான் வளர்ந்தது. ஒழுங்காகப் போடுகிறார்கள் என்பதற்கு அந்தத் துளைகளே சாட்சி. ஒட்டுக் கட்டிய மரத்தின் அடியிலுள்ள வேர்க்கன்று, ட்யூசா மாதிரி நோய் தாங்கும் வகையா என்றும் கேளுங்கள்.

அடுத்து நிலத்தின் அமைப்பு. குளிர்காற்று கனமானது, இரவில் சரிவு வழியே இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். மிட்லண்ட்ஸில் ஜூன், ஜூலை உறைபனி பள்ளத்து மரங்களைத்தான் முதலில் பிடிக்கும். காம்பு பனியில் அடிபட்ட காய் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உதிரத் தொடங்கும். நடுச்சரிவுப் பகுதிகளின் காயைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். ஒரே தோட்டத்தில் மேல் பகுதியும் கீழ்ப் பகுதியும் இரண்டு வெவ்வேறு சரக்கு.

ஆலங்கட்டி மழை மேட்டு நிலத்தின் சாபம். கடைசியாக எப்போது பெய்தது, வலை போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். காற்றில் கிளை உரசிய தழும்பையும் பார்க்க வேண்டும். காற்றுத் தடுப்பு மரவரிசை இருக்கிற தோட்டத்துக் காய் தெளிவாக இருக்கும். வடக்கு மாகாணங்களில் செர்கோஸ்போரா கரும்புள்ளி நோய் முக்கியம், ஃபுயர்ட்டேக்கு அதிகம் வரும். அங்கே தாமிர மருந்து அடித்த தேதிப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். தோலில் குழிவிழுந்த வடு இருந்தால் தேங்காய்ப் பூச்சி என்கிற நாவாய்ப்பூச்சி குத்தியதாக இருக்கலாம். அறுத்துப் பார்த்தால் சதையில் கட்டி தெரியும்.

சான்றிதழ் இல்லாத சிறு விவசாயிகள் லெவூபு, தோஹோயான்டூ பக்கம் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் காயில் பல நேரம் குறையே இருக்காது. பதிவு எண்ணும் மருந்துப் பதிவேடும் மட்டும் இருக்காது. அவர்களோடு வேலை செய்ய விருப்பமிருந்தால் ஒரு பருவம் முன்பே தொடங்கி, காயைத் தரம் பிரித்துப் பெட்டி கட்டும் பேக்ஹவுஸ் ஒன்றின் துணையோடு பதிவு செய்ய வையுங்கள். நேரம் பிடிக்கும். ஆனாலும் செய்யத் தக்க வேலை இது. நம் தாத்தாக்களும் அப்படித்தான் சந்தைக்குள் நுழைந்தார்கள்.

சாலையோரத்தில் மூட்டையில் மலிவாகக் கிடைப்பதைத் தொடவே தொடாதீர்கள். இந்த நாட்டில் அவகாடோத் திருட்டு பெரிய தொல்லை. திருடப்பட்டது பெரும்பாலும் முற்றாத காய், பழுக்காமல் ரப்பர் மாதிரி சுருங்கிப் போகும். வாங்கினால் குற்றமும் நம் தலையில் விழும்.

உலர் எடை: எல்லாம் இதில்தான் இருக்கிறது

காய் முற்றியதா என்று கண்ணால் சொல்ல முடியாது. தோலின் பளபளப்பு மங்குவது, விதை உறை பழுப்பாகிக் காகிதம் போல உலர்வது எல்லாம் அறிகுறிகள்தான். காம்பைக் கிள்ளி நிறம் பார்ப்பது கடையில் பழுத்த பழத்துக்கு உதவும், தோட்டத்துக் கற்காய்க்கு உதவாது. சதையில் தண்ணீர் போக மீதி எவ்வளவு என்று அளப்பதே வழி. முற்ற முற்ற எண்ணெய் ஏறி, தண்ணீர் குறையும்.

தென்னாப்பிரிக்க ஏற்றுமதி விதியில் ஈரப்பதமாகக் கணக்கிடுகிறார்கள்: ஹாஸில் 77 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் இருக்கக் கூடாது, அதாவது உலர் எடை 23 சதவீதமாவது வேண்டும். ஃபுயர்ட்டேக்கு ஈரம் 80 சதவீதம் வரை. கோடெக்ஸ் என்னும் சர்வதேச உணவுத் தரம் ஹாஸுக்கு 21 சதவீத உலர் எடையைக் குறைந்தபட்சமாக வைக்கிறது. நான் 24-க்குக் கீழே ஹாஸ் வாங்கச் சொல்ல மாட்டேன். விதியை ஒட்டி நிற்கிற காய், ஒரு பெட்டியில் சில பழுத்தும் சில பழுக்காமலும் வரும்.

இந்தச் சோதனையை வீட்டு மைக்ரோவேவிலேயே செய்யலாம். ஒரு பகுதியிலிருந்து, வெவ்வேறு மரங்களில், மரத்தின் வெவ்வேறு பக்கங்களில் 10 காய் பறியுங்கள். ஒவ்வொரு காயையும் நீளவாக்கில் நான்காக வகுத்து, எதிரெதிர்த் துண்டுகள் இரண்டை எடுங்கள். தோலையும் விதை உறையையும் சுத்தமாக நீக்கிவிட்டு, தேங்காய் துருவுகிற மாதிரி மெல்லியதாகத் துருவுங்கள். காலித் தட்டை எடை போட்டுக் குறித்துக்கொண்டு, அதில் துருவல் சரியாக 10 கிராம் வையுங்கள். தராசு 0.01 கிராம் வரை காட்ட வேண்டும். குறைந்த சூட்டில் மைக்ரோவேவில் வைத்து, சில நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து எடை பாருங்கள். கருகக் கூடாது, கருகினால் அந்தத் தட்டைக் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள். அடுத்தடுத்து இரண்டு முறை எடை மாறாமல் நின்றால் முடிந்தது. தட்டு போக 2.45 கிராம் மிஞ்சியிருந்தால் அந்தக் காயின் உலர் எடை 24.5 சதவீதம்.

சராசரியை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். 10 காயும் 24-க்கும் 26-க்கும் நடுவில் நின்றால் அந்தப் பகுதி ஒரே சீராக முற்றியிருக்கிறது. சராசரி 25 வந்தாலும் ஒன்று 20, ஒன்று 29 என்று சிதறினால் அங்கே இரண்டு மூன்று பூப்பின் காய்கள் கலந்து நிற்கின்றன. அதைக் கன்டெய்னரில் ஏற்றினால் கடைக்காரர் உங்களைத்தான் திட்டுவார். ஒரு வாரம் பொறுத்து மறுபடி சோதியுங்கள், இல்லையென்றால் பெரிய காயை மட்டும் முதல் பறிப்பில் எடுக்கச் சொல்லுங்கள்.

பறிப்பு

எத்தனையோ நல்ல காய் பறிப்பிலேயே பாழாகிறது. பறிக்கிற நாளில் அங்கே நிற்க முடிந்தால் நில்லுங்கள்.

காயை இழுத்துப் பறிக்கக் கூடாது. கத்தரிக்கோலால் வெட்டி, சின்னக் காம்பு காயோடு இருக்க வேண்டும். காம்பு பிய்ந்த இடம் வழியாகத்தான் காம்படி அழுகல் உள்ளே போகும். உயரக் கிளைக்குப் பை கட்டிய நீளக் கொக்கி. பையிலிருந்து பெட்டிக்குக் கொட்டும்போது சத்தம் கேட்கக் கூடாது. ஹாஸ் கல்லாக இருப்பதால் எறிந்தாலும் ஒன்றும் தெரியாது. பழுத்த பிறகுதான் உள்ளே கரும்பட்டை தெரியும்.

ஈரத்தில் பறிப்பதே கூடாது. மலையில் காலைப் பனியும் தூறலும் சகஜம். மழைக்குப் பின் காய் தண்ணீர் ஏற்றி விறைத்து நிற்கும், தோலிலுள்ள நுண்துளைகள் புடைத்திருக்கும். அந்த நேரத்தில் உரசினால் துளையைச் சுற்றி நசுங்கும், குளிர் அறைக்குப் போனதும் தோல் முழுக்கக் கரும்புள்ளியாகத் தெரியும். லென்டிசெல் சேதம் என்று இங்கே எல்லாப் பேக்ஹவுஸிலும் புலம்புவார்கள். பனி நன்றாகக் காய்ந்த பிறகு தொடங்கி, வெயில் உச்சிக்கு ஏறுமுன் நிறுத்துவதே முறை. கப்பல் தேதி நெருங்குகிறது என்று தூறலில் பறிக்கச் சொல்லும் வாங்குபவர் தன் காசைத் தானே தூறலில் விடுகிறார்.

பறித்த பெட்டிகள் வெயிலில் நிற்கக் கூடாது. நிழல், மேலே வெளிர் நிறத் துணி, அன்றைக்கே பேக்ஹவுஸ், பறித்த 24 மணி நேரத்துக்குள் குளிர் அறை. மலைப்பாதை கரடுமுரடாக இருக்கும், டிராக்டர் மெதுவாகப் போக வேண்டும். ஒவ்வொரு பெட்டியிலும் பகுதி எண், தேதி, நேரம் எழுதிய சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் ஏதாவது சிக்கல் வந்தால் அந்தச் சீட்டுதான் பேசும்.

பேக்ஹவுஸ்

கழுவுதல், தேர்வு, எடை பிரித்தல், பெட்டி கட்டுதல். இது இயந்திர வேலை, பெரும்பாலும் ஒழுங்காகவே நடக்கும். அளவுக் கணக்கு எளிது: 4 கிலோ பெட்டியில் எத்தனை காய் என்பதே எண். 14 என்றால் காய் ஒன்று சுமார் 285 கிராம், 18 என்றால் சுமார் 220 கிராம். சென்னைக் கடைகளுக்கு எந்த எண் ஓடும் என்று முதலிலேயே கேட்டு, ஒப்பந்தத்தில் எண் வாரியாகச் சதவீதம் எழுதுங்கள். எழுதாவிட்டால் மிஞ்சிய சிறுகாய் உங்கள் கன்டெய்னரில் ஏறும்.

இங்கே வற்புறுத்த வேண்டியது மாதிரிப் பெட்டி. ஒவ்வொரு தோட்டப் பகுதியிலிருந்தும் ஒரு பெட்டியைப் பேக்ஹவுஸின் குளிர் அறையிலேயே, கப்பலின் வெப்பநிலையில், கப்பல் போய்ச் சேரும் நாள் வரை வைத்திருக்கச் சொல்லுங்கள். பிறகு 20 டிகிரியில் பழுக்கவைத்து அறுத்துப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சதையில் சாம்பல் நிறம், நாரில் பழுப்பு, காம்படியில் அழுகல் எல்லாம் அதில் தெரியும். இறக்குமதியாளர் "கெட்டுவிட்டது" என்று சொல்லும்போது காயின் குறையா, பயணத்தின் குறையா என்று இந்தப் பெட்டி காட்டிக்கொடுக்கும்.

காகிதங்கள்

தோட்டத்துக்கும் பேக்ஹவுஸுக்கும் தனித்தனியே பதிவு எண் வேண்டும். எந்த நாட்டுக்கு அனுப்புகிறோமோ அந்த நாட்டுக்கென்று அந்தப் பருவத்தில் பதிவு செய்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஐரோப்பாவுக்குப் பதிவு இருப்பதால் இந்தியாவுக்கும் இருக்கும் என்று நினைக்காதீர்கள். தரப் பரிசோதனையை பிபிஇசிபி என்னும் அழுகும் பொருள் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு வாரியம் செய்கிறது. தாவர நலச் சான்றிதழை விவசாயத் துறை தரும். அதில் ரகம், எடை, கன்டெய்னர் எண், சரக்குச் சீட்டில் உள்ளபடி எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும். இந்தியப் பக்கம் இறக்குமதி அனுமதியைக் காய் பறிப்பதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். அதன் நிபந்தனைகளை அப்படியே தென்னாப்பிரிக்கச் சான்றிதழில் எழுதச் சொல்லி அனுப்பினால் துறைமுகத்தில் நிற்கிற தொல்லை குறையும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் லேபிள் விதியும் உண்டு.

சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகிற சரக்கு என்றால் நல்ல விவசாய முறைக்கான குளோபல் கேப் சான்றிதழ் கேட்பார்கள். மருந்து எச்சச் சோதனை முடிவு பறிப்புக்கு நெருங்கிய தேதியில் இருக்க வேண்டும். போன வருடத்துத் தாள் செல்லாது.

குளிரும் கப்பலும்

கன்டெய்னர் காயைக் குளிர்விக்காது, குளிர்ந்த காயைக் குளிராக வைத்திருக்கும். அதனால் ஏற்றும்போதே சதைக்குள் வெப்பமானி குத்திப் பாருங்கள். பொதுவாக 5 முதல் 7 டிகிரி. பருவத் தொடக்கத்துக் காய் குளிருக்குப் பயப்படும், சற்று மேலே வையுங்கள். முற்றிய பிறகு படிப்படியாகக் குறைக்கலாம். அளவுக்கு மீறிக் குளிர்ந்தால் தோல் கருகும், சதை சாம்பலாகும்.

நெடும் பயணத்துக்குக் காற்றுக் கட்டுப்பாட்டுக் கன்டெய்னர் எடுங்கள். ஆக்சிஜன் சுமார் 4 சதவீதம், கரியமில வாயு சுமார் 6 சதவீதம் என்று வைப்பது இங்கே வழக்கம். வாழைப்பழம், ஆப்பிளோடு சேர்த்து ஏற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள். அவற்றின் எத்திலீன் பட்டு அவகாடோ வழியிலேயே பழுக்கத் தொடங்கிவிடும். 40 அடிக் கன்டெய்னரில் 20 பேலட் (பெட்டிகளை அடுக்கும் பலகைத் தட்டு), சுமார் 20 டன் போகும்.

ட்ஸனீனிலிருந்து கேப் டவுன் துறைமுகம் சுமார் 1,800 கி.மீ. சாலைப் பயணம். லாரியில் ஜெனரேட்டர் ஓடியதா என்று பதிவு கேளுங்கள். மிட்லண்ட்ஸிலிருந்து டர்பன் சில மணி நேரம்தான். இந்தியாவுக்கு அனுப்ப இது பெரிய வசதி. ஆனால் 2023 நவம்பரில் டர்பன் துறைமுகத்துக்கு வெளியே கப்பல்கள் வரிசையாக நின்றதை யாரும் மறக்க மாட்டோம். பறிப்புத் தேதியை நிச்சயிக்கும் முன் துறைமுக நிலவரத்தை ஏஜென்டிடம் கேளுங்கள். காய் மரத்தில் ஒரு வாரம் காத்திருக்கும். பெட்டிக்குள் காத்திருந்தால் அத்தனை நாளும் அதன் ஆயுளில் கழியும். நேர்க் கப்பலா, நடுவில் வேறு கப்பலுக்கு மாறுகிறதா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

விலையும் ஒப்பந்தமும்

இப்போது விலை பேசலாம். கப்பலேற்றிய விலை, துறைமுகம் சேர்த்த விலை என்று இரண்டு வகை. முதல் முறை வாங்குபவர் கப்பலேற்றிய விலைக்கு வாங்கினால் வழியில் நடப்பதெல்லாம் அவர் பொறுப்பு. நான் பரிந்துரைப்பது: ஒரு பகுதியை முன்பணமாகவும், பெரும்பகுதியைக் காகிதங்கள் கைக்கு வந்ததும், மீதியை இறக்கித் தரம் பார்த்த பிறகும் கொடுப்பது. தோட்டக்காரர் மீதிக்காகக் காத்திருக்கத் தயங்கினால், குறைந்தபட்ச உத்தரவாத விலை ஒன்றை எழுதிக் கொடுங்கள். அவரும் கடன் வாங்கித்தான் மருந்தடித்து வலை போட்டிருக்கிறார். விலையைக் கசக்கிப் பிழிந்தால் அடுத்த பருவம் உங்களுக்குக் கிடைப்பது அவர் தோட்டத்தின் பள்ளத்துக் காய்தான்.

ஒப்பந்தத்தில் உலர் எடையின் கீழெல்லை, மேலெல்லை இரண்டும், பறிப்பிலிருந்து குளிர் அறைக்கான நேரமும், எண் வாரிச் சதவீதமும் இருக்கட்டும். முதல் வருடம் ஒரே ஒரு தோட்டத்தின் ஒரே பகுதியிலிருந்து ஒரு கன்டெய்னர் போதும்.

இறக்கும்போது

கதவைத் திறக்கும் முன் சீல் எண்ணைப் படமெடுங்கள். வெப்பப் பதிவுக் கருவியை முதலில் எடுத்துத் தரவை இறக்குங்கள். கதவருகே, நடுவில், உட்கோடியில் என்று மூன்று இடத்தில் பெட்டி திறந்து, சதை வெப்பம் குறித்து, காயை அழுத்திப் பாருங்கள். கல்லாக இருக்க வேண்டும். குறை தெரிந்தால் சரக்கை நகர்த்தாமல் அன்றைக்கே தோட்டக்காரருக்கும் காப்பீட்டுக்காரருக்கும் எழுதி, தனி ஆய்வாளரை வரவழையுங்கள்; இரண்டு நாள் கழித்துச் சொல்கிற புகாரை யாரும் ஏற்க மாட்டார்கள். பிறகு, பெட்டியில் இருக்கிற பகுதி எண்ணைப் பேக்ஹவுஸுக்கு அனுப்பி, அங்கே வைத்திருக்கிற மாதிரிப் பெட்டியைத் திறந்து அறுத்துக் காட்டச் சொல்லுங்கள்.